சீயக்காய் முதல் திரவச் சோப்பு வரை: திண்டுக்கல் வட்டார வீட்டுத் தூய்மையின் வரலாறு

தாவர எண்ணெயும் காரமும் மட்டும் சேர்த்துச் செய்யப்படும் சோப்புக்குக் காஸ்டைல் சோப்பு என்று பெயர். ஸ்பெயின் நாட்டின் காஸ்டைல் பகுதியின் பெயரால் வழங்கும் இந்தச் சோப்பு, அண்மைக் காலத்தில் திரவ வடிவில் இந்திய வீடுகளுக்கும் வந்திருக்கிறது. குளிக்க, கை கழுவ, பாத்திரம் துலக்க, தரை துடைக்க என எல்லா வேலைக்கும் ஒரே பொருள் போதும் என்று அதைப் பயன்படுத்துவோர் கூறுகின்றனர். இதே வேலைகளுக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, சாம்பல், உவர்மண் ஆகியவை நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. அவை இருந்த இடத்துக்குச் சோப்பும், சோப்பின் இடத்துக்குச் சலவைத்தூளும் வந்தன. இந்த மாற்றங்களுக்கு விளம்பரமும் நாகரிகமும் மட்டும் காரணம் அல்ல. எந்தப் பொருள் எந்தத் தண்ணீரில் வேலை செய்யும் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

நிலமும் நீரும்

திண்டுக்கல் நகரம் மேற்கே பழனி மலைத்தொடருக்கும் தெற்கே சிறுமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்துள்ளது. ஆத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வரும் குடகனாறு வடக்கு நோக்கிப் பாய்ந்து, வேடசந்தூர் வட்டாரத்தைக் கடந்து அமராவதியில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆற்றில் நீரோட்டம் இருப்பதில்லை. ஆகவே சமவெளி மக்கள் கிணற்றையும் குளத்தையும் நம்பியே வாழ்ந்தனர்.

இங்குள்ள நிலத்தடி பெரும்பாலும் கெட்டியான பாறை. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்து கலக்கின்றன. இத்தகைய நீரைக் கடினநீர் என்று பாடநூல்கள் கூறும். மக்கள் வழக்கில் அது ‘உப்புத் தண்ணி’. பருப்பு வேகாத தண்ணீர், தலை சிக்குப் பிடிக்கும் தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று பெண்கள் அதை அடையாளம் சொல்வர். மழை நீரும் மலையிலிருந்து வரும் ஓடை நீரும் ‘நல்ல தண்ணி’. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணீர் என்று ஒரே வீட்டில் இரண்டு வகைத் தண்ணீரைப் பிரித்து வைத்துக்கொள்வது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

தலைக்கும் உடலுக்கும்

சீயக்காய் மலைச்சரிவுகளில் வளரும் முள்ளுள்ள ஏறுகொடியின் காய். அதைக் காயவைத்து, வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் முதலியவற்றுடன் சேர்த்து அரைத்து வைப்பர். ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது மரபு. எண்ணெயை நீக்கச் சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். தீபாவளியன்று விடியலில் எண்ணெயும் சீயக்காயும் இன்றும் பல வீடுகளில் தவறுவதில்லை.

சீயக்காயைவிட எளிதில் கிடைப்பது அரப்பு. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்தால் கிடைப்பதே அரப்புத்தூள். வறண்ட காட்டிலும் கரட்டிலும் தானாக வளரும் மரம் இது. அண்டை மாவட்டமான மதுரையில் உள்ள உசிலம்பட்டிக்கு இம்மரத்தாலேயே பெயர் வந்தது என்று கூறுவர். சீயக்காய் மலையிலிருந்து வர வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டும். அரப்பு ஊர்ப் புறத்திலேயே கிடைக்கும். அதனால் உழவர் குடும்பங்களில் அரப்பே மிகுதியாகப் புழங்கியது. உடம்புக்குப் பச்சைப்பயறு மாவும் கடலை மாவும், பெண்களுக்கு மஞ்சளும் பயன்பட்டன.

பூந்திக்கொட்டை மூன்றாவது பொருள். இதனைப் பூவந்திக்கொட்டை என்றும் சொல்வர். இம்மரத்தின் அறிவியல் பெயரான ‘சாபிண்டஸ்’ என்பதற்கு ‘இந்தியச் சோப்பு’ என்பது பொருள். லத்தீனில் சோப்பைக் குறிக்கும் சொல்லையும் இந்தியாவைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து உருவான பெயர் அது. பட்டுத் துணி துவைக்கவும், பொற்கொல்லர் நகைகளின் அழுக்கு நீக்கவும் பூந்திக்கொட்டை ஊறிய நீரைப் பயன்படுத்தினர். சுங்குடிக்கும் பட்டுச் சேலைக்கும் பெயர்பெற்ற சின்னாளபட்டி திண்டுக்கல்லுக்கு மிக அருகில் உள்ளது. சாயமும் இழையும் கெடாமல் துவைக்க வேண்டிய துணிகளுக்குப் பூந்திக்கொட்டை நீரே நல்லது என்பது பட்டு உடுத்தும் குடும்பங்களில் வழிவழியாக வந்த அறிவு.

இம்மூன்றிலும் சபோனின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது நீரில் நுரைத்து, எண்ணெய்ப் பசையைப் பிரித்து எடுக்கும். சோப்பைப் போலக் கால்சியத்துடன் சேர்ந்து திரிந்து போகும் இயல்பு அதற்கு இல்லை. எனவே கிணற்று உப்புத் தண்ணீரிலும் அது தன் வேலையைச் செய்தது. அரப்பும் சீயக்காயும் இவ்வட்டாரத்தில் நிலைத்ததற்கு மரபுப் பற்று மட்டும் காரணம் அல்ல. இங்குள்ள தண்ணீருக்கு அவை பொருத்தமாக இருந்தன.

பாத்திரத்துக்கும் துணிக்கும்

பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி, செங்கல் பொடி. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் ஈரச் சாம்பலைத் தேய்க்கும்போது அந்தக் காரம் எண்ணெயின் ஒரு சிறு பகுதியைச் சோப்பாகவே மாற்றுகிறது. பொட்டாசியக் காரத்தால் உண்டாகும் சோப்பு கட்டியாகாது, இளகியே இருக்கும். இன்று புட்டியில் விற்கப்படும் திரவ காஸ்டைல் சோப்பும் பொட்டாசியச் சோப்புதான். அந்த வகையில் நம் பாட்டிமார் கிணற்றடியில் பாத்திரம் துலக்கும்போதே அதன் நெருங்கிய உறவுப் பொருளைத் தம்மை அறியாமல் செய்துகொண்டிருந்தனர் எனலாம்.

துணி வெளுக்க உவர்மண் பயன்பட்டது. சவுட்டு மண் என்றும் இதனைச் சொல்வர். கோடையில் உவர் நிலத்தின் மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கும் இந்த மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. நாம் சலவைச்சோடா என்று வாங்குவதும் அதுவே. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைசலில் நனைத்து, பெரிய பானைகளின் மேல் அடுக்கி, கீழே தீமூட்டி இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. மறுநாள் குளத்திலோ ஆற்றிலோ கல்லில் அடித்து அலசி, வெயிலில் உலர்த்துவர். சலவைச்சோடா கடினநீரில் உள்ள கால்சியத்தைப் படியச் செய்து நீரை மென்மையாக்கும். எனவே வெள்ளாவி முறையும் உப்புத் தண்ணீருக்கு ஏற்ற முறையே.

இதன் பின்னே இருந்த உழைப்பு

‘இயற்கை முறை’ என்று இன்று புகழப்படும் இந்தப் பழைய வழக்கங்களை எழுதும்போது, அவற்றுக்கு யார் உழைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

வெள்ளாவி வைத்தவர்கள் வண்ணார் சமூகத்தினர். கொதிக்கும் ஆவியும் காரமும் கை கால்களைப் புண்ணாக்கும் வேலை அது. கூலி பெரும்பாலும் வீட்டுக்கு வீடு வாங்கிய சோறும், அறுவடைக் காலத் தானியமும்தான். ஊரின் அழுக்கைப் போக்கியவர்களை ஊர் சமமாக நடத்தவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை இன்னும் கொடியதாக இருந்தது. கடைச் சோப்பும் சலவைத்தூளும் வந்ததால் அவர்களுள் பலர் தொழிலை இழந்தனர். பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையிலிருந்து வெளியேற ஒரு வழி திறந்ததும் அதே காலத்தில்தான். இரண்டும் உண்மை.

சீயக்காய், கடுக்காய், தேன் போன்றவற்றை மலையிலிருந்து திரட்டிக் கொடுத்தவர்களுள் பழனி மலையிலும் சிறுமலையிலும் வாழும் பளியர் பழங்குடியினரும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காடு அரசுடைமையாகி, காய் பொறுக்குவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. சிறு வன விளைபொருள்களின் மீது காட்டுவாழ் மக்களுக்கு உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுச் சீயக்காய்ப் பொட்டலத்துக்குப் பின்னே இவ்வளவு நீண்ட வழக்கு இருக்கிறது.

வீட்டுக்குள் அரைத்தல், இடித்தல், துலக்குதல் எல்லாம் பெண்களின் வேலையாகவே இருந்தன. எனவே சோப்புக் கட்டி வீட்டுக்குள் வந்தபோது பெண்கள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

காஸ்டைல் சோப்பின் தோற்றம்

எண்ணெயையும் காரத்தையும் காய்ச்சிச் சோப்பு செய்யும் கலை மேற்கு ஆசியாவில் மிகப் பழையது. சிரியாவின் அலெப்போ நகரம் ஆலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும் சேர்ந்த சோப்புக்குப் பெயர்பெற்றது. இடைக்காலத்தில் ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயை மட்டும் கொண்டு வெண்மையான, கெட்டியான சோப்பு செய்தனர். வட ஐரோப்பாவில் விலங்குக் கொழுப்பில் செய்த சோப்பைவிட அது மணமும் மென்மையும் கொண்டிருந்தது. அதனால் ‘காஸ்டைல்’ என்ற பெயர் தரத்தின் பெயராகவே ஆயிற்று. பிரான்சில் மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக்கூடாது என்று பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் 1688-இல் ஆணையே பிறப்பிக்கப்பட்டது.

அக்காலத்தில் காரம், கடற்கரைச் செடிகளையும் மரங்களையும் எரித்த சாம்பலிலிருந்து கிடைத்தது. 1791-இல் நிக்கோலா லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1823-இல் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பின் அமைப்பையும், காரம் சேரும்போது அது எவ்வாறு சோப்பாகிறது என்பதையும் விளக்கி நூல் வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் பின் சோப்பு பெரிய ஆலைகளின் பொருளாயிற்று.

எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கட்டிச் சோப்பு கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் இளகிய அல்லது திரவச் சோப்பு கிடைக்கும். இந்த இரண்டாம் வகையே திரவ காஸ்டைல். இன்று ஆலிவ் மட்டுமின்றித் தேங்காய், ஆமணக்கு முதலிய எந்தத் தாவர எண்ணெயில் செய்தாலும் அப்பெயரால் வழங்குகின்றனர்.

தமிழில் சோப்புக்கு வழங்கிய பழைய சொல் சவுக்காரம். இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றே சொல்கின்றனர். அச்சொல்லிலேயே ‘காரம்’ இருப்பதைக் காணலாம்.

இந்தியாவுக்கு வந்த சோப்பு

1888-இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கின. 1895-இல் லைஃப்பாய் வந்தது. 1897-இல் மீரட்டில் சோப்பு ஆலை தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் சென்னை மாகாண அரசே இத்தொழிலில் இறங்கியது. 1914-இல் கோழிக்கோட்டில் அரசு நிறுவிய சோப்பு நிலையம் பின்னாளில் கேரளா சோப்பு நிறுவனமாகப் பெயர்பெற்றது. 1916-இல் மைசூர் அரசு பெங்களூரில் சந்தன சோப்பு ஆலையை நிறுவியது. 1917-இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் உருவாகி, கொச்சிப் பகுதியின் தேங்காய் எண்ணெயைக் கொண்டு எர்ணாகுளத்தில் சோப்பு தயாரித்தது. தென்னாட்டுச் சோப்புகளில் தேங்காய் எண்ணெய்க்கு முக்கிய இடம் கிடைத்தது. அதில் செய்த சோப்பு மற்ற சோப்புகளைவிட உப்புத் தண்ணீரில் ஓரளவு நன்றாக நுரைக்கும். கடல்நீரில் குளிக்க வேண்டிய மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கொடுத்ததும் இதனால்தான்.

அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1866-இல் நகராட்சியான இவ்வூருக்கு, 1875-இல் திருச்சிராப்பள்ளி - மதுரை இரயில் பாதை வந்தது. புகையிலை, தோல், பூட்டு வணிகத்தால் வளர்ந்த நகரக் கடைத்தெருவுக்கு வெளியூர்ச் சரக்கு வந்துசேர அப்பாதை வழிவகுத்தது.

கிராமத் தொழிலாகச் சோப்பு

அந்நியச் சரக்குக்கு மாற்றாக ஊரிலேயே சோப்பு செய்வது தேசிய இயக்கத்தின் திட்டங்களுள் ஒன்று. 1934-இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் தொடங்கினார். அதன் செயலாளராக இருந்து வழிநடத்தியவர் தமிழரான ஜே.சி. குமரப்பா. உண்பதற்குரிய எண்ணெயைச் சோப்புக்குச் செலவிடாமல், வேம்பு, புங்கம் போன்ற உணவுக்கு ஆகாத எண்ணெய்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது இந்தச் சிந்தனையின் சாரம். 1957-இல் அமைந்த காதி கிராமத் தொழில் ஆணையம் இத்தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வேப்பெண்ணெய்ச் சோப்பு காதிக் கடைகளின் அடையாளப் பொருளானது இவ்வாறே.

திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் அருகில் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இந்தச் சிந்தனைக்கு இவ்வட்டாரத்தில் இடம் தந்தது. காதி, கிராமத் தொழில், நாட்டு மருந்துத் தயாரிப்பு ஆகியவை அங்கு வளர்ந்தன. கலப்படமின்றித் தாவர எண்ணெயும் காரமும் மட்டும் கொண்ட கிராமச் சோப்பும் காஸ்டைல் சோப்பும் வேதியியல் நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இவ்வகைச் சோப்பு நமக்குப் புதிது அல்ல.

கடினநீரில் தோற்ற சோப்பு

ஆனால் கிராமச் சோப்பாயினும் சீமைச் சோப்பாயினும் கடினநீரில் ஒரே தடையைச் சந்தித்தன. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, கரையாத வெண்ணிறத் திரியாகப் படிந்துவிடும். அவை முழுதும் தீர்ந்த பின்னரே நுரை வரும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 10 லிட்டர் வாளித் தண்ணீரில் முழு வினையும் நடந்தால், ஏறத்தாழ 36 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலே வீணாகும். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு வாளித் தண்ணீருக்கே போய்விடும். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இந்த இடத்தைத்தான் செயற்கைச் சலவைத்தூள் பிடித்துக்கொண்டது. பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்யப்படும் அது கால்சியத்துடன் சேர்ந்து திரிவதில்லை. 1959-இல் சர்ஃப் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் குறைந்த விலையில் நிர்மா தூளைத் தொடங்கினார். தலைக்குக் கூட அதே கதைதான். கடலூரின் சின்னி கிருஷ்ணன் சிறு உறைகளில் பொருளை அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியானார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். சில்லறைக் காசுக்குக் கிடைத்த ஷாம்பு உறை, உப்புத் தண்ணீரிலும் நுரைத்தது. சீயக்காய் அரைக்கும் வேலையும் மிச்சமாயிற்று. அரப்புத்தூள் கிராமத்து வாரச் சந்தைக்கு ஒதுங்கியது.

கிணறுகளுக்கு நேர்ந்தது

இயற்கையாகவே கடினமான நிலத்தடி நீரை மனிதர் செயலும் கெடுத்தது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் பழையது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பின்னர் குரோமிய முறை வந்தது. எந்த முறையானாலும் தோல் கெடாதிருக்க உப்பும், மயிர் நீக்கச் சுண்ணாம்பும் மிகுதியாகத் தேவை. சுண்ணாம்பு என்பது கால்சியம். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நிலத்தில் இறங்கினால் கிணற்று நீரின் உப்பும் கடினத்தன்மையும் ஒருங்கே உயரும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்பில் திண்டுக்கல் பற்றிய செய்தியும் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று எடுத்த கணக்கின்படி, குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன. திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் செலுத்தவும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புகளை ஏற்படுத்தவும் நீதிமன்றம் ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த புகழ்பெற்ற தீர்ப்பு இது.

கிணறு கெட்ட ஊரில் சோப்பா, சீயக்காயா என்ற கேள்வியே எழுவதில்லை. குழாய்த் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆகியவற்றிலிருந்து நகருக்குக் குடிநீர் வருகிறது. இந்த நீர் பொதுவாக ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மென்மையானது.

திரவ காஸ்டைல் சோப்பை வீட்டில் பயன்படுத்துதல்

மேலே கூறிய வரலாறு, இன்று திரவ காஸ்டைல் வாங்குவோருக்கும் செய்வோருக்கும் நேரடியாகப் பயன்படும்.

கை கழுவ ஒரு பங்கு சோப்புக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் சேர்க்கலாம். தரை துடைக்க ஒரு வாளிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஆற்றுக் குழாய் நீரோ மழைநீரோ பயன்படுத்தினால் நல்ல பலன் கிடைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தால் கலவை பால்போல் வெளுத்து, தரையிலும் கண்ணாடியிலும் வெண்படலம் விடும். அது சோப்பின் குறை அன்று, நீரின் கடினத்தன்மை. துணிக்கு என்றால் முதலில் நீரில் சிறிது சலவைச்சோடா கரைத்துவிட்டுப் பிறகு சோப்பைச் சேர்க்கலாம். வெள்ளாவிக்காரர்கள் அறிந்திருந்த உத்தியே இது. ஆனால் பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச்சோடா ஆகாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்புப் பொருள்களை இச்சோப்புடன் கலக்கக்கூடாது. அமிலம் சோப்பை மீண்டும் கொழுப்பு அமிலமாகப் பிரித்துவிடும். மிஞ்சுவது பிசுபிசுப்பு மட்டுமே. தலைக்குத் தேய்க்கவும் கடினநீர் உள்ள வீடுகளில் இது ஏற்றதல்ல. மயிர் சிக்குப் பிடிக்கும். அங்குச் சீயக்காயும் அரப்புமே சிறந்தவை.

பூந்திக்கொட்டைக் கரைசல் உப்புத் தண்ணீருக்கு நல்ல மாற்று. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் விதையை நீக்கி, ஓட்டை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டினால் கரைசல் தயார். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும்.

‘இயற்கை’ என்ற சொல்

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சபோனின் மீன்களுக்கு நஞ்சு. சபோனின் உள்ள காய்களை நசுக்கி நீரில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கமே உண்டு. எனவே குளத்தில் அதைக் கொட்டக்கூடாது. சோப்பு செய்யப் பயன்படும் எரிசோடாவும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் தோலை அரிப்பவை. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி வீட்டில் சோப்பு காய்ச்ச முயலக்கூடாது.

அதேபோல் செயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீமை ஆகிவிடாது. தொடக்ககாலச் சலவைத்தூள்கள் மட்காமல் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரையாக மிதந்ததால், 1960-களில் எளிதில் மட்கும் வகைக்கு அந்நாடுகள் மாறின. எந்தப் பொருளையும் அளவறிந்து பயன்படுத்துவதும், கழிவுநீரை நீர்நிலையில் விடாதிருப்பதும் முதன்மையானவை.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

மூன்று ஒரே அளவான மூடியுள்ள புட்டிகளை எடுத்துக்கொள்ளவும். ஒன்றில் மழைநீர், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் என ஒரே அளவு ஊற்றவும். ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குலுக்கி, நிலையான நுரை வர எத்தனை சொட்டுத் தேவை என்று எழுதவும். பிறகு புதிய நீரில் பூந்திக்கொட்டைக் கரைசலைக் கொண்டு அதே சோதனையைச் செய்யவும். இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் இக்கட்டுரையின் மையச் செய்தி கண்ணெதிரே தெரியும். நுரையை வைத்து நீரின் கடினத்தன்மையை மட்டுமே அறியலாம். அது குடிக்கத் தக்கதா என்பதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தத் தொட்டி தூர்ந்து கிடக்கிறது. சோப்பைக் குறைவாகச் செலவிட விரும்பும் குடும்பம் முதலில் அந்தத் தொட்டியைத் தூர்வார வேண்டும். அரப்புப் பொடித்த பாட்டிமார்களும் வெள்ளாவி வைத்த பெரியவர்களும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எது நுரைத்தது, அந்தக் கிணறு எப்போது கெட்டது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது மாணவர்கள் செய்யக்கூடிய நல்ல வரலாற்றுப் பணியாகும்.